காலில் ஒட்டும் வல்லரசு

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே மறித்து, "காலக் கழுவிட்டு உள்ள ஏறு மக்கா" என்பார்கள். இல்மனைட் கறுப்பாக, கார்னெட் சிவப்பாக, மோனசைட் தேன் நிறத்தில் விரலிடுக்கில் ஒட்டியிருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் எல்லாம் சாக்கடைக்கு.

1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் இப்படிக் கழுவிவிடவில்லை. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து மோனசைட்டைக் கண்டார். காசு கயிற்றுக்கு, மணல் கொசுறு! கேஸ் விளக்கு மேன்டிலுக்கு மோனசைட்டிலுள்ள தோரியம் தேவைப்பட்ட காலம். இங்கேயே வந்து ஆலை வைத்தார். சரயேவோவில் யாரோ யாரையோ சுட, உலகப்போர் மூண்டு, ஆங்கிலேயர் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆலை கைமாறியது. போருக்குக் காரணம் கொள்கை என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம்.

இப்போது சீனாவின் முறை. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரிக்குப் பதிலடியாக ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. ஏவுகணை எதுவும் விடவில்லை. ஒரு படிவம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஊர் ஊராகக் கார் ஆலைகள் திணறின. நம்மிடம் அருமண் கலந்த அந்த மோனசைட் மணல் உண்டு, 1950 முதல் அரசு நிறுவனமும் உண்டு. பிரித்துக் காந்தமாக்கும் வித்தையில்தான் அவர்கள் வெகுதூரம் முன்னே.

அதே மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அந்த மணலைத் தோண்டவும் திட்டம் உண்டு. வேண்டாம் என்கிறார்கள் கடலோர மக்கள். அவர்களுக்கு உலக அரசியல் புரியவில்லையாம். புரியவைக்க வருகிறவர், தயவுசெய்து காலைக் கழுவிவிட்டு ஏறவும்.