மேனேஜரைப் பார்த்தால் சோறு எறங்காத பேராண்டிக்கு

என்னலே பேராண்டி, மூஞ்சி தொங்கிப் போய்க் கெடக்கு? ஞாயித்துக்கெழம சாயங்காலமானாலே வயித்தக் கலக்குதாமே ஒனக்கு? புள்ளைக்கு யாரோ கண்ணு வச்சிட்டாகன்னு ஒங்கம்மா மொளகா வத்தலும் கையுமா நிக்கா. கண்ணு படுற மாதிரியாலே இருக்கே நீ?

அன்னைக்கு ஆபீஸ் படத்தக் காட்டுனியே. எம்புட்டுப் பெரிய கண்ணாடிக் கட்டடம்! சுவத்துல ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’னு எழுதிப் போட்டிருக்காக. எந்தக் குடும்பத்துலலே வருசா வருசம் புள்ளைகளுக்கு மார்க்குப் போட்டு, கடைசியா வந்தவன தெருவுல விடுதாக? குடும்பம்னா ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு ‘சாப்பிட்டியா’ன்னுல்லா கேக்கணும்? ஒன் மேனேஜரு ‘அந்த பைல் என்னாச்சு’ங்கான்.

மனசு தெம்பா இருக்க யோகா வகுப்பு வேற வச்சாகளாம். அதுவும் வேலை முடிஞ்ச பொறவு, ராத்திரி எட்டு மணிக்கு. மூச்சு விட நேரம் குடுக்காதவனே, மூச்சு விடச் சொல்லிக் குடுக்க ஆளும் கூட்டியாறான். நல்லாயிருக்குல்லா?

2023-ல இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளவட்டங்க வாரத்துக்கு 70 மணி நேரம் ஒழைக்கணும்னாரு. 2025 பொறந்ததும் எல் அண்ட் டி தலைவர் அத 90 ஆக்கிட்டாரு. ஞாயித்துக்கெழம வீட்டுல இருந்து பொண்டாட்டிய எம்புட்டு நேரந்தான் பாத்துக்கிட்டிருப்பேன்னு வேற கேட்டாரு. அது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், இவருக்கு எதுக்கு? நம்ம தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு எழுதி வச்சிட்டு. துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிற புள்ளைக உக்கார எடம் குடுக்கணும்னு, 2021-ல அதே சட்டத்துல ஒரு பிரிவு சேக்க வேண்டியதாப் போச்சு. மனுசன் உக்காரதுக்குச் சட்டம்! காலையில சாமி படத்துக்கு மாலை போடாம கடையத் தொறக்காத மொதலாளிமாருக்குத்தான் அந்தச் சட்டம் தேவப்பட்டுச்சு.

நம்ம பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு கெழவி தீக்குச்சிக் கட்டை அடுக்குனா. எழுத்து வாசனை கெடையாது. கட்டைக்கு இம்புட்டுன்னு கூலி. கணக்கப்பிள்ளை நெத்தி நெறைய பட்டை போட்டுக்கிட்டு தெனம் ரெண்டு கட்டைய முழுங்கிருவான். கேட்டவளுகள ‘ஏளா, எனக்கே கணக்குச் சொல்லித் தாரியா’ன்னு ஒரு அதட்டு. இவ மூச்சு விடல. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கரிய எடுத்துச் சுவத்துல கோடு கிழிப்பா. கட்டைக்கு ஒரு கோடு. சனிக்கெழம சம்பளம், மொதலாளி உக்காந்திருக்காரு. ‘ஐயா, எம் வீட்டுச் சுவத்த ஒரு எட்டு வந்து பாருங்க’ன்னா. அம்புட்டுத்தான். மறுவாரம் அவ கட்டை ஒண்ணுகூடக் காணாமப் போகல. தெருவுல எல்லா வீட்டுச் சுவத்துலயும் கரி ஏறிப் போச்சு.

ஒனக்கு மெயில் இருக்குல்லா? ‘நீங்க இன்னைக்குச் சொன்னபடி இந்த வேலைய நிறுத்திட்டு அந்த வேலைய எடுக்கேன்’னு மரியாதையா ரெண்டு வரி தட்டி விடு. வாயால சொன்னத ‘நான் எப்பச் சொன்னேன்’னு முழுங்குறதுதான அந்த ஆளுக வித்தை? வேலைக்குச் சேந்த கடுதாசி, சம்பளச் சீட்டு எல்லாத்துக்கும் வீட்டுல ஒரு நகல் வையி. அவனுக்குக் கோவம் வந்த அன்னைக்கு ஒன் லேப்டாப் தொறக்காது. ஆபீஸ் ரகசியத்த அள்ளிட்டு வந்துராதே, அது வேற வம்பு.

உள்ள கூப்பிட்டு, கதவச் சாத்தி, ‘நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிரு, ஒனக்குத்தான் நல்லது’ம்பாக. பேனாவத் தொடாதே. ஆறு மாசம் விடாம வேல பாத்தவன தக்க காரணமில்லாம அனுப்பக்கூடாது, ஒரு மாச நோட்டீசோ சம்பளமோ குடுக்கணும்னு அதே 1947 சட்டத்துல இருக்கு. அவன் அனுப்புனா காரணம் சொல்லணும். நீயே எழுதிக் குடுத்தா அவனுக்கு அந்தச் செரமமும் மிச்சம். ‘வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன்’னு எந்திரிச்சு வா. ஒன் நல்லதுல அவனுக்கு எதுக்குலே அம்புட்டு அவசரம்?

குட்டக் குட்டக் குனியிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுறவனும் மடையன்னு பெரியவுக ரெண்டு பேரத்தான் சொன்னாக. பக்கத்துல நின்னு ‘சூப்பர் சார்’னு கை தட்டுறவன விட்டுட்டாக. அவன்கிட்ட ஒன் கொறையச் சொல்லி அழுதே, ராவோட ராவா போய்ச் சேந்துரும்.

‘இன்னைக்கே விட்டெறிஞ்சிட்டு ஊருக்கு வந்து இயற்கை வெவசாயம் பாக்கேன்’ங்கியா? வா ராசா, வா. மழ பெய்யாத வருசம் இந்தக் கரிசக்காடு ஒன் மேனேஜரவிட மோசமான ஆளு. அதுக்கு மெயிலும் போட முடியாது. ஆறு மாசச் சோத்துக்குக் காசு சேத்துக்கிட்டு, சத்தங்காட்டாம வேற எடம் பாரு. கெடச்ச பொறவு நோட்டீசக் குடு. 90 நாளு இழுப்பாக. இழுக்கட்டும்.

கடைசி நாள் கேக் வாங்கி வச்சு, ஒன்னப் புகழ்ந்து அந்த மேனேஜரே பேசுவான் பாரு, கண்ணுல தண்ணி வந்துரும். ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்துட்டான்னு பாத்துட்டுக் கத்திய எடு.