95 டிகிரியின் வாக்கு தவறாதவனே!

ஏஎம்டி ரேடியான் ஆர்9 290எக்ஸ் கிராபிக்ஸ் கார்டோடு 2013 அக்டோபரில் வந்திறங்கிய கூலரே, உன்னைப்போல் சொன்ன சொல் காப்பவன் உண்டா? உனக்கு இட்ட எல்லை 95 டிகிரி செல்சியஸ். கேம் சூடுபிடித்ததும் 95. அரைமணி கழித்துப் பார்த்தாலும் 95. மற்ற கூலர்கள் 72, 76 என்று தடுமாறிக்கொண்டிருக்க, நீ மட்டும் இம்மியும் அசையவில்லை.

அதைவிடப் பெரிது உன் அடக்கம். 'க்வயட்' நிலையில் உன் விசிறி 40 சதவீதத்துக்கு மேல் சுழலாது. எல்லையைத் தொட்டதும், சூட்டைத் தணித்த பெயர் உனக்கு வேண்டாம் என்று சிப்புக்கே விட்டுக்கொடுத்தாய். 1000 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய சிப், 900, 800 என்று இறங்கிவந்து உன் மானத்தைக் காத்தது. 549 டாலர் கொடுத்தவனுக்கு முழு வேகத்தை முதல் சில நிமிடமாவது தரிசனம் காட்டினாயே, அந்தக் கருணை யாருக்கு வரும்? 'ஊபர்' நிலைக்கு மாற்றினால் 55 சதவீதம் வரை போவாய். அப்போது நீ உழைப்பது அடுத்த அறைக்கும் தெரியும்.

உன் தர்ம சிந்தனையையும் சொல்ல வேண்டும். 95 டிகிரி பாதுகாப்பானதே என்று நிறுவனமே சான்றளித்தது. சிப் தாங்கட்டும், பக்கத்தில் வெந்துகொண்டிருந்த கெப்பாசிட்டருக்கும், காய்ந்து பொடியாகும் தெர்மல் பேஸ்ட்டுக்கும், தினமும் சூடேறி ஆறி விரிசல் காணும் சாலிடர் மணிகளுக்கும் இவ்வுலகப் பற்றை அறுத்து சீக்கிரமே முக்தி கிடைக்க வழிசெய்தாய். அந்த மணிகளை மாற்றி 'ரீபால்' செய்யும் ரிப்பேர் கடைக்காரர்கள் உன்னை மறக்கக் கூடாது.

உன் பெருமை பொறாதவர்களும் இருந்தார்கள். சஃபையரின் மூன்று விசிறி ட்ரை-எக்ஸ், அதே சிப்பை 70களில் வைத்து ஓட்டியது. உன்னைப் படைத்தவர்களோ, 2014 ஏப்ரலில் ஆர்9 295எக்ஸ்2 கார்டில் அதே சிப் இரண்டைப் பொருத்தியபோது உன்னைத் தொந்தரவு செய்யாமல் நீர்க்குளிர்ப்பைக் கட்டினார்கள். எல்லையையும் 75 என்று குறித்தார்கள். உன் அருமை அவர்களைவிட யாருக்குத் தெரியும்!

இந்த உத்தமனின் கார்டு இன்னும் ஓடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: தூசியைத் தட்டி, புதுப் பேஸ்ட் போட்டு, ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் விசிறி வேகத்தை ஏற்றி, இயன்றவரை 80க்குக் கீழே ஓட்டுங்கள். இரைச்சல் கூடும், கார்டு பிழைக்கும்.