சிவகாசிக்காரனுக்கே தெரியாத பதிமூணாம் மாசம்

வாடா மாப்ள, உக்காரு. கட்டில்ல அங்கிட்டு உக்காரு, இங்கிட்டு ஒரு கால் ஆடும். என்னடா மூஞ்சி, பாதி வெடிச்சு மீதி நமுத்துப்போன சரம் மாதிரி இருக்கு? ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சா? இப்பத்தானே போட்டே, அதுக்குள்ளயா?

அந்தச் சுவத்தைப் பாரு. தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குதுல்ல, எங்க அடிச்சது? நம்ம சிவகாசி. ஊரு ஒலகத்துக்கெல்லாம் தேதி அச்சடிச்சுக் குடுக்கிறது நாம. நம்ம காலண்டர்ல வருசத்துக்குப் பன்னெண்டு மாசம். இந்தப் போன் கம்பெனிக்காரனுக்கு எவன் அச்சடிச்சுக் குடுத்தான்னு தெரியல, அவன் காலண்டர்ல பதிமூணு மாசம் இருக்கு. அம்புட்டும் பிப்ரவரி. 28-ஐ பதிமூணால பெருக்கிப் பாரு, 364 வரும். உனக்கு சனிக்கிழமை சனிக்கிழமை வாரச் சம்பளம். மாசம்னா எத்தனை நாளுன்னே மறந்துபோச்சு. அதான் அவனுக்கு வசதியாப் போச்சு.

நான் சொல்றது கிழவன் பெனாத்தல்னு நெனைக்காத. டெல்லியில டிராய்னு ஒரு ஆபீஸ் இருக்கு, போன் கம்பெனிகளுக்கெல்லாம் நாட்டாமை. 2022 ஜனவரியில அவங்களே சொன்னாங்க: 30 நாளுக்கு ஒரு திட்டமாவது வையி, மாசாமாசம் ஒரே தேதியில புதுப்பிக்கிற மாதிரி ஒண்ணாவது வையின்னு. வச்சான். கல்யாண வீட்டுல வேண்டாத சொந்தக்காரனுக்கு எல போட்ட மாதிரி, ஒரு ஓரமா வச்சான்.

சரி, போனைக் குடு. எம்புட்டுக்குப் போட்டே? 349-ஆ? தெனம் 2 ஜிபி, 28 நாளு. அடேயப்பா. நீ செய்யிற வேலை என்ன? விடியறதுக்குள்ள கம்பெனி வண்டி வந்து ஆமத்தூர்ப் பக்கம் அள்ளிட்டுப் போகுது. கேட்டுல போனை வாங்கி வச்சுட்டுத்தான் உள்ள விடுறான். மருந்து இருக்கிற ஷெட்டுக்குள்ள போன் ஆகாது, அது நல்லதுதான். சாயந்திரம் வரைக்கும் உன் 2 ஜிபி வாட்ச்மேன் ரூம்ல கெடந்து அவியுது. வீட்டுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டு, போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டுக் கொறட்டை விடுறே. நீ போனைப் பாக்குறது எங்க, போன்தான் உன்னைப் பாக்குது. ராத்திரி பன்னெண்டு அடிச்சதும் மிச்சம் இருக்கிற டேட்டா ஊசிப்போயிரும். பழைய சோறாவது காலையில தண்ணி ஊத்தி வெங்காயத்தோட குடிக்கலாம், இது அதுக்கும் ஆகாது.

செட்டிங்ஸ்குள்ள போ. டேட்டா யூசேஜ்னு இருக்கும், அமுக்கு. இந்த மாசம் பூரா எம்புட்டு ஆயிருக்கு? 2 ஜிபி கூட இல்ல. நீ வாங்குனது 56. அம்பத்துநாலைக் கொட்டிட்டு வந்து, வெலவாசி ஏறிப்போச்சு மாமான்னு எங்கிட்ட அழுவுறே. இந்த விருதுநகர் பஜார்ல நாப்பது வருசம் பருப்பு மூட்டைக்கு நடுவுல நின்னவன்டா நான். பெருசா ஒண்ணும் விளையாத கரிசக்காட்டு ஊரு. ஆனா துவரைக்கும் உளுந்துக்கும் மல்லிக்கும் என்ன வெலைன்னு இங்க சொன்னா நாலு ஊரு கேக்கும். எதனால? மூட்டையில ஊசியைக் குத்தி நாலு மணியை உள்ளங்கையில உருட்டிப் பாக்காம எவனும் வெல பேச மாட்டான். நீ மூட்டையையும் பாக்கல, உன் வீட்டுப் பானையையும் பாக்கல. நேரா காசை எண்ணி வச்சுட்டே.

முன்னெல்லாம் இப்படி இல்லியேன்னு கேக்குறியா? முன்ன இதைவிட மோசம். 1995 ஜூலை 31-ல கல்கத்தாவில இருந்து ஜோதி பாசு டெல்லிக்குப் பேசுனாரு, அந்தப் பக்கம் மந்திரி சுக்ராம். நம்ம நாட்டுல மொத செல்போன் பேச்சு அதுதான். அப்ப நிமிசத்துக்கு 16 ரூவா வரைக்கும் ஆச்சு. வர்ற காலுக்கும் காசு! கடன் குடுத்தவன் கூப்புட்டு நம்மளைத் திட்டுவான், அந்தத் திட்டுக்கும் நாமதான் தண்டம் கட்டணும். 2003-லதான் வர்றதுக்குக் காசு இல்லன்னு ஆச்சு. அதுக்கப்புறம்தான் நம்ம சனம் மிஸ்டு காலுங்கிற மகா வித்தையைக் கண்டுபிடிச்சுது. ஒரு ரிங் அடிச்சா பஸ் ஏறியாச்சு, ரெண்டு ரிங்னா இறங்கியாச்சு, ஒல வை. மூணு அடிச்சா உங்க அத்தை கோவமா இருக்கான்னு அர்த்தம்.

சிரிக்காத. பெரிய கம்பெனிக்காரனே அந்த வித்தையைக் காப்பி அடிச்சான். ஒரு கம்பெனி போன்ல இருந்து இன்னொரு கம்பெனிக்குப் பேசினா நிமிசத்துக்கு 6 காசு குடுக்கணும்னு அப்ப ஒரு கணக்கு. யாரு கூப்பிடுறானோ அவன் கம்பெனி குடுக்கணும். 2019-ல ஒருத்தன் ரிங் அடிக்கிற நேரத்தை 20 வினாடியாக் கொறைச்சான். எடுக்கிறதுக்குள்ள கட்டாயிரும், அந்தப் பக்கத்துக்காரன் திரும்பக் கூப்பிடுவான், 6 காசு இவனுக்கு. ஏர்டெல்காரன் விடுவானா, அவனும் 25-ன்னு கொறைச்சான். கடேசியில டிராய் வந்து 30 வினாடி அடிச்சே ஆகணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. ஆயிரம் கோடி வச்சிருக்கிறவன் மிஸ்டு கால் குடுத்தா அது வியாபாரம், நான் குடுத்தா கஞ்சத்தனமாம். உங்க அத்தை சொல்றா.

2018 கடேசி வரைக்கும் ஒரு சிம்மை வாங்கிப் போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும், வர்ற கால் வந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் மாசத்துக்கு 35 ரூவாயாவது போட்டாத்தான் உசிரோட வச்சிருப்பேன்னான். 2021 நவம்பர்ல அது 99 ஆச்சு. 2024 ஜூலையில ஏர்டெல்லுலயும் வோடபோன் ஐடியாவுலயும் 199, ஜியோவுல 189. சும்மா வாசல்ல நிக்கிறதுக்கே இம்புட்டு. நீ ரெண்டு சிம் வேற வச்சிருக்கே. ரெண்டு மாட்டுக்கும் தீவனம் போடுறே, கறக்குறது ஒண்ணு. அந்த ரெண்டாவது நம்பர் எதுக்கு? ஆருக்கும் தெரியாத நம்பரா? சரி சரி, நான் கேக்கல.

இப்ப காதைத் தீட்டிக்க. 2024 டிசம்பர்ல டிராய் ஒரு உத்தரவு போட்டுச்சு. டேட்டா வேணாம், பேச்சும் மெசேஜும் மட்டும் போதும்னு இருக்கிற சனத்துக்குத் தனியா ஒரு திட்டம் வைக்கணும், ஒரு வருசம் வரைக்கும் நாள் குடுக்கலாம்னு. மறுமாசம் கம்பெனிக்காரங்க வெல சொன்னாங்க. ஏர்டெல் 84 நாளைக்கு 499, வருசத்துக்கு 1959. டிராய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துச்சு. ஒரே வாரத்துல 469, 1849-ன்னு இறங்கிருச்சு. பஜார்ல மொத வெல சொல்றவன் வெலையா சொல்றான், நம்ம மூஞ்சியைப் பாக்குறான். ஜியோ 84 நாளைக்கு 448-ன்னான், 1748-க்கு 336 நாளுன்னான். 336 என்ன கணக்கு தெரியுமா? அவன் காலண்டர்ல பன்னெண்டு மாசம். நம்ம காலண்டர்ல 29 நாளைக் காணோம். ஒரு மார்கழி மாசத்தையே ஆட்டையப் போட்டுட்டான், கோயில்ல பொங்கல் கூட மிஞ்சாது.

அதுனால மாப்ள, மொத்த வெலையைப் பாத்து வாயைப் பொளக்காத. நாளால வகு. 199-ஐ 28-ஆல வகுத்தா நாளைக்கு 7 ரூவா 10 காசு. 1849-ஐ 365-ஆல வகுத்தா 5 ரூவா 7 காசு. இந்த 199-ஐப் பதிமூணு தடவை போட்டா 2587 ஆகும். 738 ரூவா வித்தியாசம். நீ போடுற 349 இருக்கே, அது வருசத்துக்கு 4537. உங்க அம்மா கேட்டா வெளக்குமாத்தைத் தேடுவா. இதெல்லாம் அந்தந்த நேரத்து வெல, உளுந்து மாதிரி ஏறும் இறங்கும். இறங்குனதை நான் அதிகம் பாத்ததில்ல. போடுற அன்னைக்கு ஒருக்கா கேட்டுக்க.

மொதல்ல உங்க அம்மா கணக்கு. எங்க அக்கா சுருக்குப்பையில வெத்தலையோட வச்சிருக்கே ஒரு பட்டன் போன், அது 2ஜி. ஜியோவுல 2ஜியே கெடையாது, அந்த சிம்மைப் போட்டா போன் கருங்கல்லு மாதிரி கெடக்கும். அவனே 2023-ல 999 ரூவாய்க்கு ஜியோபாரத்னு பட்டன் போன் விட்டான், 123 ரூவாய்க்கு 28 நாளு பேசலாம்னான். ஆனா போனை மாத்தினா அக்கா பச்சைப் பட்டன் எங்கேன்னு தேடி என்னைத்தான் திட்டும். பழைய போனே இருக்கட்டும், பேச்சு மட்டும் உள்ள திட்டத்தைப் போடு. அவுகளுக்கு என்ன வருது? மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ஏறிருச்சுன்னு ஒரு மெசேஜ், கேஸ் சிலிண்டர் மெசேஜ், பேங்க் ஓடிபி. வர்ற மெசேஜுக்கு டேட்டாவும் வேணாம், காசும் வேணாம். சிம்முல நாள் மட்டும் இருக்கணும்.

காசு மிச்சம் பண்றேன்னு அந்த நாளைத் தவற விட்டுறாத. 90 நாளு ஒரு பேச்சும் ஒரு மெசேஜும் நடக்கலைன்னா நம்பரைப் பிடுங்கிறலாம். கணக்குல 20 ரூவா கெடந்தா அதை எடுத்துக்கிட்டு இன்னும் 30 நாள் விட்டு வைக்கணும்னு 2013-ல இருந்து விதி. உசிரு இருக்கும், பேச்சு மூச்சு இருக்காது, ஆஸ்பத்திரியில ட்யூப் மாட்டிப் போட்ட மாதிரி. அதுக்கும் மேல போனா உங்க அம்மா நம்பரு வேற எவனுக்காவது போயிரும். அப்புறம் ஆயிரம் ரூவா ஏறுன சேதி எந்த ஊர்க்காரனுக்கோ போகும், அக்கா ரேசன் கடை வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்தும்.

இப்ப உன் கணக்கு. பிஎஸ்என்எல்லுல வருசத்துக்கு 1198-ன்னு ஒண்ணு விட்டான். மாசம் 300 நிமிசம், 3 ஜிபி, 30 மெசேஜ். நாளைக்கு 3 ரூவா 28 காசு. உன் புழக்கத்துக்குத் தச்சு வச்ச சட்டை. நாளைக்குப் பத்து நிமிசம் பேசலாம். உங்க அம்மாவுக்கு இது ஆகாது, பத்து நிமிசத்துல அவுக ஹலோவையே முடிக்க மாட்டாக. ஆனா ஒண்ணு, இந்த சர்க்காரு கம்பெனி வெலையை ஏத்த மாட்டான், நாளைச் சத்தமில்லாமக் கொறைப்பான். பிஸ்கோத்துப் பொட்டலம் அதே அஞ்சு ரூவாதான், உள்ள பிஸ்கோத்தைத்தான் காணோம்ல, அப்படி. 2025 செப்டம்பர் 27-ல உள்நாட்டுச் சரக்குலயே 4ஜி ஆரம்பிச்சு வச்சாங்க. ஒடிசாவில வெளக்கேத்துனா நம்ம சூலக்கரையில வெளிச்சம் வருதான்னு நாமதான் பாக்கணும். பக்கத்து வீட்டுல எவனாவது அந்த சிம் வச்சிருந்தா ஒரு காபி வாங்கிக் குடுத்து அவன் போனை வாங்கு. உன் அடுப்படி, திண்ணை, கக்கூஸ் எல்லா எடத்துலயும் நின்னு பாரு. ஆட்டுக் கொட்டகையில மட்டும் டவர் கெடச்சா ஆடுதான் பேசணும்.

வருசத்துக்கு மொத்தமாக் கட்டுறதுக்கு முன்னாடி ஏர்செல்லை ஒருக்கா நெனச்சுக்க. 1999-ல நம்ம தமிழ்நாட்டுலதான் ஆரம்பிச்சான், வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம் இருந்த காலம். 2018 பிப்ரவரியில டவர் அம்புட்டும் படுத்துருச்சு. நம்பரை வேற கம்பெனிக்கு மாத்த ஒரு கோடு வேணுமே, அது வராதான்னு சனம் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சுது. நானும் மொட்டை மாடி ஏறுனேன். உங்க அத்தை எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு வேப்பிலை எடுத்தா. வருசக் காசை வெவரமாக் கட்டிட்டு உக்காந்திருந்தவன் பாடு என்ன? ஆயிரத்துச் சொச்சம் போனா தாங்குவேன்னா கட்டு. தாங்காதுன்னா 84 நாளுத் திட்டம் போடு.

கம்பெனி மாத்தணும்னா PORT-னு அடிச்சு, ஒரு எடம் விட்டு, உன் நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பு. கோடு வரும், நாலு நாளைக்குள்ள கடையில போய் நிக்கணும். இப்ப இருக்கிற கம்பெனியில 90 நாளாவது ஆயிருக்கணும். மிச்சம் இருக்கிற நாளு, பேலன்ஸ் எதுவும் கூட வராது, அதுனால முடியப்போற சமயத்துல கெளம்பு. கெளம்புறேன்னு தெரிஞ்சதும் பழைய கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு தேனா பேசும், அந்தச் சலுகை, இந்தச் சலுகைன்னு. மாமியா வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் பையைத் தூக்குற மாப்பிள்ளைக்குத்தான் அடுப்படியில கோழி அடிக்கிற சத்தம் கேக்கும். கேட்டுக்க. கோழி எலையில விழுந்தா மட்டும் உக்காரு.

என்னடா எந்திரிக்கிறே? என் திட்டம் என்னன்னு கேக்கவே இல்லியே. நான் எப்பவும் மலிவான திட்டத்துலதான் இருக்கேன், பேசுறதே இல்ல. ஒரு ரிங் விடுவேன், நீ திருப்பிக் கூப்பிடுவே. உன் 349-ல பாதி எம்பேருல வரவு வைக்கணும். ரீசார்ஜ் எப்ப முடியுதுன்னே? இன்னைக்கு ராத்திரியா? இப்ப மணி ஏழுதானே ஆகுது. போனை இங்க குடு, சாத்தூர்ல உன் சின்ன அத்தைகிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு. உள்ள போயி அத்தைகிட்ட ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடி. மெதுவாவே குடிச்சிட்டு வா.