அப்பாவின் பாஸும் அம்மாவின் சில்லறையும்

பெரம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மா வெளியே கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு நிலைப்படியருகே நிற்பாள். அப்பா சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, போக இவ்வளவு, வர இவ்வளவு என்று பிரித்து அவள் கையில் வைப்பார். வைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் வரும். எங்கே, எதுக்கு, எப்போ திரும்புவே?

அப்பா கெட்டவர் இல்லை. அதட்டிக் கேட்டதும் இல்லை. ஆனாலும் அந்த ‘எதுக்கு’ என்பதற்கு ஒரு பதில் இருந்தே ஆக வேண்டும். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், துக்கம் எல்லாம் பதில்கள். தங்கையைப் பார்க்கணும் போல இருக்கு என்பது பதில் ஆகாது. தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆகும். அதனால் சைதாப்பேட்டையில் இருந்த என் சித்தி, தனக்கே தெரியாமல் வருஷத்துக்கு ஐந்தாறு தடவை காய்ச்சலில் படுத்தாள்.

சைதாப்பேட்டைக்கு அம்மா சென்ட்ரல் வரை பேருந்தில் போவாள். அங்கிருந்து சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் போகும் மின்சார ரயிலைப் பிடிப்பாள். அந்த மீட்டர் கேஜ் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று ஒவ்வொரு பெயராக அம்மா வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருவாள். படிக்கத் தெரியாமல் இல்லை. அடுத்தது என்ன என்று பலகை வருவதற்கு முன்பே தனக்குத் தெரிந்திருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே இறங்கிவிடுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் விறுவிறுவென்று நடப்பாள். அந்த ஒரு ஸ்டேஜுக்கு மிச்சமாகும் பைசா அப்பாவுக்குத் தெரியாது. பின்னால் நான் டைப்ரைட்டிங் லோயர் சேர்ந்தபோது முதல் மாதப் பணத்தை அம்மாதான் கொடுத்தாள். முழுக்கச் சில்லறையாக.

அப்பாவுக்கு வேலை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில். ஐ.சி.எஃப். என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் புரியும். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து திறந்துவைத்த தொழிற்சாலை அது. அங்கே செய்த பெட்டிகள் நாடு முழுக்க ஓடின. கல்கத்தாவில் 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியபோது, அதன் பெட்டிகள் போனதும் பெரம்பூரிலிருந்துதான். பத்திரிகையில் வந்த படத்தைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினார் அப்பா. அவருடைய சொந்த ஊரில் மெட்ரோ ஓட அதற்குப் பிறகு 31 வருஷம் ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அப்பாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு. கோடை விடுமுறைக்கு நாங்கள் கும்பகோணம் போனது, பாட்டி செத்தபோது ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியது, ஒரு தடவை திருப்பதி போனது எல்லாமே அந்தப் பாஸில். ஆறு பேர் கொண்ட குடும்பம் காலணா கொடுக்காமல் போய் வந்தது. யாரும் அதை ‘ஓசி’ என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. டிக்கெட் பரிசோதகர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐ.சி.எஃப்.பா சார்?” என்று மரியாதையாகக் கேட்டுத் திருப்பிக் கொடுப்பார். அது உழைப்பவனுக்கான உரிமை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த உழைப்பாளிக்கு விடியற்காலை நாலரைக்கு எழுந்து சோறு வடித்துக் கட்டிக்கொடுத்தவளுக்குச் சைதாப்பேட்டை போக ஒரு பாஸும் இல்லை.

1983-ல் எனக்கு ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி என்னுடைய பேருந்து. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972-ல் தொடங்கியது. அது வேறு பெயர்கள் எடுத்த பிறகும் எங்கள் தலைமுறைக்குப் பேருந்து என்றால் பல்லவன்தான். இடது பக்கம் பெண்களுக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு. நடத்துநர் பின்னால் தன் இருக்கையில் இருப்பார். நடுவில் கூட்டம் கல்லாகக் கெட்டித்திருக்கும். அவரிடம் போய் டிக்கெட் வாங்க வழியில்லை. “ஒரு ஜெமினி, பாஸ் பண்ணுங்க” என்று காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டியதுதான். அந்தக் காசு ஏழெட்டுக் கைகள் மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். வேலைக்குப் போன இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குப் பைசா குறைந்து வந்ததில்லை. முகம் தெரியாதவர்கள்மேல் நான் வைத்திருக்கும் நம்பிக்கையில் பாதி அந்தக் கூட்டத்தில் கற்றதுதான்.

என் கைப்பையில் ஊக்கு வைத்திருந்ததும் அதே கூட்டத்துக்காகத்தான். என் வயதுப் பெண்கள் இதைப் படித்தால் விளக்கம் கேட்க மாட்டார்கள். இடுப்பில் வந்து படும் கை யாருடையது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது போய்விடும். ஒரு நாள் காலை, கூட்டத்தில் ஒரு கையை அப்படியே பிடித்துக்கொண்டேன். கத்த வேண்டும் என்று நினைத்தேன். குரல் வரவில்லை. பக்கத்தில் கூடையோடு நின்றிருந்த பூக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார். அவருக்குக் குரல் வந்தது. பேருந்து முழுக்க அவர் பக்கம் திரும்பியது. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினான். “நீ நேரா நில்லும்மா, உனக்கென்ன வெக்கம்?” என்றார் அந்த அம்மா. அன்று அவரிடம் நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக அது உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். புடவை என்பாள் என்று எதிர்பார்த்தேன். “மாசாமாசம் எனக்குன்னு பஸ் காசு கொடு, போதும்” என்றாள். கொடுத்தேன். வாசலில் அந்தக் கேள்விகள் நிற்கவில்லை. ஆனால் பதில் சொல்லும்போது அம்மாவின் குரல் மாறியிருந்தது. சித்தியின் காய்ச்சல் அந்த வருஷத்தோடு குணமானது.

1993-ல் குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்ற பெண் அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்த செய்தி வந்தது. அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, “அந்த வண்டியில எங்கே வேணா ஏறலாம், எதுக்குன்னு கேக்க மாட்டா” என்றாள். 2015 ஜூன் 29-ஆம் தேதி கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோவின் முதல் ரயிலை ஓட்டியதும் ஒரு பெண்தான். அன்று இரவு தொலைக்காட்சியில் காட்டியபோது அம்மா அருகில் போய் உட்கார்ந்து பார்த்தாள்.

இப்போது நாங்கள் அடையாறில் இருக்கிறோம். எனக்கு மெட்ரோ பிடிக்கும். குளிர்ந்த காற்று, சரியான நேரம், யார் தோளும் யார்மேலும் படாத இடம். குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகம் போனால் 50. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை வரப்போகும் புதிய தடம் பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், ஜெமினி, அடையாறு என்று போகிறது. என் 29சி-க்காக நான் நின்ற ஊர்களுக்கு அடியில் இயந்திரங்கள் மண்ணைக் குடைந்துகொண்டு போவதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. இனி ஒரு பெண் பிள்ளைக்கு அந்தப் பயணத்தில் ஊக்கு தேவைப்படக் கூடாது.

ஆனால் எங்கள் வீட்டில் வேலை செய்பவர் மெட்ரோவில் ஏறுவதில்லை. அவர் கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். பிறந்த இடத்துக்கும் இதற்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல். வேலை எல்லாம் நகரத்துக்குள், வீடு மட்டும் வெளியே. அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கு பேருந்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கையில் காசில்லாமல் வரவில்லை; அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலைவலி என்று தொலைபேசியில் சொன்னார். சித்தியின் காய்ச்சல் எனக்கு நினைவு வந்தது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அடையாளத்துக்காக அந்தப் பேருந்துகளின் முகப்பில் பிங்க் வண்ணம் அடித்தார்கள். பெண்களுக்கு இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் இதைக் கேட்டேன். “கணக்கெல்லாம் தெரியாதும்மா. ஆனா ஞாயித்துக்கிழமை புள்ளைங்கள கூட்டிக்கினு எங்கம்மாவ பாக்கப் போறேன். முன்னாடி பொங்கலுக்குப் பொங்கல்தான் போவேன்” என்றார். அந்த 888-க்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை அடங்காது.

ஒரு நாள் நானும் அவரும் ஒரே பேருந்தில் போனோம். பின்னால் நின்றிருந்த ஒருவர், “ஓசி டிக்கெட்டுங்களால நமக்கு நிக்க இடமில்ல” என்றார். என்னோடு பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கப்பா முப்பது வருஷம் பாஸில் போனார், அதை யாரும் ஓசி என்று சொல்லவில்லை என்றேன். “அது அவர் வேலை பார்த்ததுக்குக் கொடுத்தது” என்றார் அந்த மனிதர். “இவங்க காலையில நாலு மணிக்கு எழுந்து அஞ்சு வீட்டு வேலை பார்க்கிறாங்க. வேற என்ன வேலை பார்க்கணும்னு சொல்லுங்க” என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. அந்தப் பூக்கார அம்மாவின் குரல் மாதிரி இருந்தது.

2022-ன் கடைசியில், அம்மாவுக்கு 84 வயது நடக்கும்போது, ஒரு நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பிங்க் பஸ்ஸில் போகணும் என்றாள். எங்கே என்று கேட்டேன். சைதாப்பேட்டை என்றாள். சித்தி போய் ஆறு வருஷமாகிவிட்டது. அங்கே யாரும் இல்லை. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. நிறுத்தத்துக்கு மெதுவாக நடந்தோம். படி உயரமாக இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் இறங்கி வந்து அம்மாவின் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். நடத்துநர் இரண்டு கட்டணமில்லாச் சீட்டுகளைக் கிழித்து அம்மாவின் கையிலேயே கொடுத்தார்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நிறுத்தங்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். சில பெயர்கள் மாறியிருந்தன. சைதாப்பேட்டை வந்தது. நான் எழுந்தேன்.

“உட்காரு” என்றாள்.

“இறங்கலையாம்மா?”

“வேண்டாம்.”

“அப்போ எதுக்கும்மா வந்தோம்?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“சும்மாதான்.”

நடத்துநர் விசில் ஊதினார். “பாட்டி, சைதாப்பேட்டை போயிடுச்சே, எங்கே இறங்கணும்?” என்று குனிந்து கேட்டார்.

“இது எதுவரைக்கும் போகும்?” என்றாள் அம்மா.