அடுத்த பாகத்தில் எது மாறும்?

கேள்வி: முறை வைத்துச் சண்டை போடும் மாயாஜால கேம்களின் அடுத்த பாகத்தில் என்ன மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், தாராபுரம், மன்னார்.

பதில்: முடியும். ட்ரெய்லரை விடுங்கள், முந்தைய பாகத்தில் ஆட்டக்காரர்கள் எதைத் திட்டினார்கள் என்று பாருங்கள். 2014இல் வந்த ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ கேமில் எதிரியை உறைய வைப்பது பெரும்பாலும் சதவீதக் கணக்கு. தாயக்கட்டை போல, நல்ல திட்டத்தையும் அதிர்ஷ்டம் கவிழ்த்துவிடும். 2017இல் இரண்டாம் பாகத்தில் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் இரண்டு கவசங்களைக் கொண்டுவந்தது: வாளடிக்கு ஒன்று, மந்திரத்துக்கு ஒன்று. மந்திரக் கவசம் இருக்கும்வரை எதிரி உறையமாட்டான். அது போனபின் அநேகமாகத் தப்பமாட்டான். அதிர்ஷ்டத்தின் கொட்டம் அடங்கியது. ஆனால் வாள்வீரனும் மந்திரவாதியும் ஒரே குழுவில் இருந்தால், ஆளுக்கொரு கவசத்தை உடைத்துக்கொண்டு வீணாக மாரடிக்க வேண்டியதாயிற்று. அடுத்த திட்டு தயார்!

‘பால்டர்ஸ் கேட்’ அடியோடு மாறியதே என்பீர்கள். உண்மைதான். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் சண்டை தானாக ஓடும், வேண்டிய இடத்தில் நாம் நிறுத்தலாம். 2023இல் மூன்றாம் பாகம் முறை வைத்து ஆடுவதாகிவிட்டது. இடையில் 23 வருடம், கம்பனியும் வேறு. பயோவேர் இருந்த இடத்துக்கு லாரியன் வந்தது. வந்தவர் தனக்குத் தெரிந்த வித்தையைத்தானே காட்டுவார்? ‘ஃபைனல் ஃபான்டஸி’யை இழுக்காதீர்கள், அது பாகத்துக்குப் பாகம் உலகத்தையே மாற்றுகிற கூட்டம். மற்றபடி, கம்பனி மாறாவிட்டால் முறை தங்கும், திட்டு வாங்கிய விதி போகும். புது விதி எப்படி இருக்கிறதென்று தெரியும்வரை முன்பதிவுக் காசு உங்கள் பொக்கற்றிலேயே இருக்கட்டும்.