மொட்டு எண்ணுகிறவர்

காலை ஐந்தே முக்கால். பால் பாக்கெட் வாசலில் அப்படியே கிடக்கிறது. பேப்பரைப் பிரிக்க ஆளில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பால்கனியில் ஒருவர் தொட்டிக்குத் தொட்டி குனிந்து நிமிர்கிறார். ஏதோ உடற்பயிற்சி என்று எதிர் பிளாக்கில் நினைக்கிறார்கள். அவர் மொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். "மஞ்சள்ல ரெண்டு, அடுக்குச் சிவப்புல மூணு, ஆரஞ்சுல ஒண்ணு... வெள்ளை நாளைக்குத்தான்." எண்ணி முடித்ததும் உள்ளே வந்து மனைவியிடம் அறிக்கை கொடுக்கிறார்: "இன்னிக்கு ஆறு."

"ஆறு ஆயிடுச்சா? அப்ப அந்தப் பாலை எடுத்துட்டு வாங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வருகிறது.

இவர்தான் செம்பருத்தி சார். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. மின் கட்டண ரசீதில் இருக்கிறது. நங்கநல்லூரோ அம்பத்தூரோ கோவையோ மதுரையோ, எங்கே அடுக்குமாடி எழும்பினாலும் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஒருவர் அதில் குடிவந்துவிடுகிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த முப்பது வருஷமும் துளசி மாடத்துக்குக்கூட ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியவரில்லை என்பது வீட்டம்மாவின் வாக்குமூலம். அடையாளம் சுலபம். நகக்கண்ணில் செம்மண். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் செடி வெட்டும் கத்தரி. பேரனின் போட்டோவைக் காட்டச் செல்போனை எடுத்தால், பேரன் வந்து சேர்வதற்குள் நூறு பூக்களைத் தள்ளியாக வேண்டும்.

செம்பருத்தி வளர்ப்பது அவ்வளவு பெரிய வித்தையா? அதே குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவரோரம் ஒற்றைச் சிவப்பு ஒன்று நிற்கிறது. நட்டவர் யாரென்று தெரியாது. தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. யாராவது கார் கழுவினால் வழிகிற தண்ணீர்தான். தினமும் முப்பது நாற்பது பூக்கிறது. விடியுமுன் ஒரு பெரியவர் கொக்கி கட்டிய கழியோடு வந்து பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் வேண்டியதைப் பறித்துக்கொண்டு போகிறார். சீயக்காயோடு அரைக்க இலை வேண்டுமென்று மற்றவர்கள் உருவுகிறார்கள். எதற்கும் அது அசைவதில்லை. சார் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. "அது நாட்டுச் செடி சார், அதுபாட்டுக்கு வரும்" என்பார், யாரிடமும் கை நீட்டாமல் முன்னுக்கு வந்துவிட்ட தூரத்துச் சொந்தக்காரனைப் பற்றிச் சொல்கிற குரலில்.

பெயரில் ஆரம்பித்தால் போச்சு. தள்ளுவண்டியில் வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துக்கொண்டே தொடங்குவார். அகராதிப்படி செம்பருத்தி என்பது சிவப்பாகப் பூக்கிற பருத்திச் செடி. நாம் சாமிக்குப் போடும் பூவின் பெயர் செம்பரத்தை. யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை. "ஆனா பெரிய தப்பு ஒண்ணும் இல்லப்பா. பருத்தி, வெண்டை, பூவரசு, செம்பரத்தை எல்லாம் ஒரே குடும்பம். இந்த வெண்டைப் பூவைப் பாத்திருக்கியா? அதே அஞ்சு இதழ்." வண்டிக்காரர் தராசைப் பிடித்தபடி பொறுமையாக நிற்கிறார். "கால் கிலோவா சார், அரைக் கிலோவா?" அதற்குள் சார் 1753-க்குப் போய்விட்டார். அந்த ஆண்டுதான் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குச் 'சீன ரோஜா' என்று பொருள்படும்படி ரோசா சைனென்சிஸ் என்று பெயர் வைத்தார். இது ரோஜாவும் இல்லை. காட்டில் தானாக முளைத்து நிற்கும் செடியாகச் சீனாவில்கூட இதைக் கண்டவர் இல்லை. மலேசியா 1960-இல் இதைத் தேசிய மலராக்கியது. கோலாலம்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது கிடைத்த சென் காசு ஒன்றில் செம்பருத்தி பொறித்திருந்தது. அந்தக் காசு இப்போது பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாருடைய வாழ்க்கையின் பெரிய சோகம் ஒன்று உண்டு. செம்பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல். காலையில் விரிந்தது சாயங்காலம் சுருட்டிய குடை மாதிரி சுருங்கிவிடும். விருந்தாளிகளோ ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள். உள்ளே வந்தவரை உட்காரக்கூட விடாமல் பால்கனிக்கு இழுத்துப் போய், டார்ச் அடித்து, துவண்டு கிடக்கும் ஒன்றைக் காட்டி, "காலைல பாத்திருக்கணும் நீங்க" என்பார். பிறகு உள்ளங்கையை முழுசாக விரித்து அளவு காட்டுவார். எத்தனை பேர் எத்தனை முறை வந்தும், அந்தப் பூக்களை மலர்ந்த கோலத்தில் கண்ட வெளியாள் குப்பை எடுக்க வரும் அம்மா ஒருவர்தான். ஒட்டுக் கட்டிய கலப்பின ரகங்களில் சில இரண்டு நாள் தாங்கும். முதல் நாள் ஒரு நிறம், மறுநாள் ஒரு நிறம். அப்படி ஒன்று பூத்துவிட்டால் சம்பந்தி வீட்டாரைப் போனில் அழைத்து, தங்கிவிட்டே போகச் சொல்கிறார்.

தொட்டி விஷயத்தில் சார் சொல்வதைக் கேட்கலாம். உண்மையிலேயே விவரம் தெரிந்தவர். செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கையளவு வேப்பம்புண்ணாக்கு. நார்க் கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும் என்பதால் இரண்டு வாளித் தண்ணீரில் அலசுகிறார். குளியலறை வடிகால் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்வது இந்த வகையில்தான். எடுத்த எடுப்பில் பெரிய தொட்டி கூடாது, வேர் தொட்டியைச் சுற்ற ஆரம்பித்த பிறகு ஒரு அளவு பெரியதற்கு மாற்றினால் போதும் என்பார். தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டாவது ரேகை வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும் என்பார். இவையெல்லாம் சரிதான்.

உரத்துக்கு வரும்போதுதான் குடும்பம் குறுக்கே வருகிறது. செம்பருத்திக்குப் பாஸ்பரஸ் கொஞ்சமாக இருக்க வேண்டும், பொட்டாசியம் தாராளமாக வேண்டும். பூச்செடி உரம் என்று கடையில் கேட்டால் பாஸ்பரஸ் தூக்கலான மூட்டையை எடுத்து நீட்டுவார்கள். அது இந்தச் செடிக்கு ஆகாது. ஆகவே சார் வாழைப்பழத் தோலை நம்பியிருக்கிறார். அதோடு வெங்காயச் சருகு, அரிசி கழுவின தண்ணீர், முட்டை ஓடு. முட்டை வாங்காத வீடு அது. ஓடு இரண்டாவது மாடியிலிருந்து வருகிறது. "எனக்கு ரத்தத்துல பொட்டாசியம் கொறச்சல், தெனம் ஒரு வாழைப்பழம் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னார். இவர் அன்னிலேருந்து தெனம் ரெண்டு சாப்பிடச் சொல்றார். என் மேல இருக்கிற அக்கறைன்னு ஒரு மாசம் நெனச்சிட்டேன்" என்கிறார் வீட்டம்மா.

கவாத்து பற்றி இவர் நடத்தும் வகுப்பும் பிரசித்தம். புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும், ஆகையால் நீண்ட கிளையைத் தயவு பார்க்காமல் வெட்ட வேண்டும். வெட்டவும் செய்கிறார், அடுத்த வீட்டுச் செடிகளை. தன்னுடையதில் கத்தரியை வைத்ததும், "இதுல ஒரு மொட்டு இருக்கே, பூத்ததும் பாத்துக்கலாம்" என்று கை பின்வாங்கிவிடும். மொட்டு இல்லாத நாள் வருவதில்லை. அதனால் மூன்றாவது மாடி பால்கனியில் ஏழடிச் செடிகள் ஒல்லியாக நின்று, உச்சியில் ஒன்றும் இரண்டுமாகப் பூக்கின்றன. கவாத்து வாங்கிய பக்கத்து வீட்டுச் செடியோ புதராகி, பத்துப் பத்தாகப் பூக்கிறது.

மாவுப்பூச்சியைப் பற்றிக் கேட்டால் மட்டும் உட்கார்ந்துகொள்ளுங்கள். நேரமாகும். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளியில் முதலில் தென்பட்ட புது மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தாவி, வீட்டு வாசல் செம்பருத்திகளையும் பஞ்சு ஒட்டினாற்போல் வெளுக்க வைத்தது. மருந்து அடித்து மாளவில்லை. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட, புழு உள்ளிருந்தே தின்று தீர்த்தது. இதைச் சொல்லும்போது சாரின் குரல் தழுதழுக்கும். கண்ட விஷத்தை அடித்தால் குளவியும் செத்துவிடும் என்பதால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு, அவ்வளவுதான். கணுவிடுக்கில் ஒட்டியிருப்பதைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறார். அந்த பிரஷ் குளியலறை மாடத்திலேயே மற்றவற்றோடு நிற்கும். ஊரிலிருந்து வந்த மைத்துனர் ஒருநாள் காலையில் வாயில் வேப்பெண்ணெய் வாசனையோடு வெளியே வந்த பிறகுதான் அதில் சிவப்பு நூல் சுற்றினார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் குடியிருப்பு அமைதியாக இருந்திருக்கும். ஒரு மே மாதம் ஊட்டி மலர்க் காட்சிக்குப் போனார். தாவரவியல் பூங்காவில் வரிசையாகத் தொங்கிய பெட்டூனியாக் கூடைகளைப் பார்த்தார். பார்த்தவர் திரும்பி வந்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பால்கனி கூரையில் நான்கு கொக்கி அடிக்கச் சொன்னார். "பெட்டூனியா தொங்கும்னா செம்பருத்தி ஏன் தொங்காது?"

ஏன் தொங்காது என்பதைச் செம்பருத்தியே சொல்லிக் கொடுத்தது. தரையில் இருக்கும் தொட்டிக்கு அடியில் காற்று கிடையாது. அந்தரத்தில் ஆடுகிற கூடைக்கு எட்டுத் திசையும் காற்று. தேங்காய் நார் விரித்த கம்பிக் கூடை சென்னைக் கத்திரி வெயிலில் காலையில் ஊற்றினால் மத்தியானமே காய்ந்துவிடும். ஒருமுறை வாடி மீண்டால் போதும், செடி அத்தனை மொட்டையும் உதிர்த்துவிடும். பெட்டூனியா வழிந்து சரியும். செம்பருத்திக்கு நிமிர்ந்து நிற்கிற சுபாவம். அது கூடையிலிருந்து நேராக மேலே வளர்ந்து கூரையை முட்டிற்று. கனம் வேறு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மண்ணும் செடியும் சேர்ந்து, பத்துக் கிலோ அரிசிப் பையை ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டிய கதை.

ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? இரண்டாவது மாடிக்கு. அங்கே கொடியில் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"சார், வேட்டியெல்லாம் காவி ஆகுது. எங்க வீட்டுக்காரர் சபரிமலைக்கா போறார்?"

"வேப்பம்புண்ணாக்குத் தண்ணிம்மா. பூச்சியே வராது."

"எங்களுக்கா சார்?"

அசோசியேஷன் கூட்டத்தில் இது தண்ணீர் டேங்க், பார்க்கிங் இரண்டையும் தாண்டி முதல் தீர்மானமானது. கூடைக்கு அடியில் தட்டு கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினார். தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசு வந்தது. அதற்கு ஒரு கூட்டம்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தபோது மட்டும் யாரும் சாரைக் குறை சொல்ல முடியவில்லை. முந்தின நாளே நான்கு கூடைகளையும் இறக்கிக் கூடத்தில் வைத்துவிட்டார். பெரிய தொட்டிகள் படுக்கையறைக்கு. தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் போய், மோட்டார் ஓடாமல், வீட்டம்மா பக்கெட்டுகளில் பிடித்து வைத்த தண்ணீரை அளந்து அளந்து செலவழித்தார். மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பக்கெட் அரையானது எப்படி என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது. காம்பவுண்டுச் சுவரோரத்து நாட்டுச் செடிக்குப் புயலில் பாதிக் கிளை முறிந்தது. இயற்கையே கவாத்து செய்துவிட்டதால் பொங்கலுக்கு முன்பே பூத்துக் குலுங்கியது.

கூடைக்குப் பொருத்தமான செம்பருத்தி கிடையாதா என்றால், உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு இனம்; ஜிமிக்கிச் செம்பருத்தி என்று சொல்கிறார்கள். கிளைகள் தாமாகவே வளைந்து சரியும். நீண்ட மெல்லிய காம்பில் பூ தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் கத்தரித்த குஞ்சம் போல மேல்நோக்கிச் சுருண்டிருக்க, நடுத்தண்டு மட்டும் கீழே நீண்டு ஆடும். நர்சரிக்காரர் சொல்லி இதைக் கொண்டுவந்து மாட்டினார். பிழைத்தது, பூத்தது. ஒரே ஒரு சங்கடம். கீழ்நோக்கித் தொங்கும் பூவின் முகம் கீழே நிற்பவருக்குத்தான் தெரியும். பால்கனியில் நிற்கும் சாருக்குக் காம்பும் முதுகும்தான் தரிசனம்.

"ஆன்ட்டி, சார்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கு ஒன்பது" என்று காலை ஆறரைக்கு இரண்டாவது மாடியிலிருந்து குரல் வருகிறது. வேட்டியைக் கொடி மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, பதியன். மழைக்காலத்தில் இவரைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஈரத்துணி சுற்றிய குச்சியொன்றைக் கையில் திணித்துவிடுவார். ஒட்டு ரகத்துக் குச்சி லேசில் வேர் பிடிக்காது என்பதால், ஆள் பார்க்காத நேரத்தில் சுவரோரத்து நாட்டுச் செடியிலிருந்து ஒடித்து வந்தது அது. நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். பென்சில் கனம், அரை அடி நீளம், கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு, மேலே இரண்டு இலை போக மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். ஒரு மாதம் நிழலில் வையுங்கள். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். தொட்டியே போதும், கூடை வேண்டாம். கீழ் வீட்டில் துணி காய்கிறது.