உளியும் ஒளியும்

பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவருக்கு அந்தக் காலத்தில் மூன்று தகுதிகள் போதும். கை நடுங்கக் கூடாது, கண் மங்கக் கூடாது, இனிஷியல் கேட்க மறக்கக் கூடாது. இந்தக் காலத்தில் கை நடுங்கலாம், கண் மங்கலாம், இனிஷியலை அவர்களே வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். தகுதி ஒன்றே ஒன்றுதான்: வங்கிக்காரர் முகம் சுளிக்காத அளவுக்கு சிபில் ஸ்கோர் இருக்க வேண்டும்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக இதுதான் சோறு. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரவிட்டபோது, தாத்தா பித்தளைக் குடத்தின் கழுத்தில் உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த சில வருஷங்களில் எலியாஸ் ஸ்னிட்சர் என்பவர் கண்ணாடி இழைக்குள்ளேயே லேசரை உண்டாக்கலாம் என்று காட்டினார். அப்போதும் தாத்தா தட்டிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு தரப்புக்கும் அறிமுகம் ஏற்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பித்தளை போய் எவர்சில்வர் வந்தபோது உளி தோற்றது. அந்தத் தகட்டின் கடினத்துக்கு ஒரு நாளில் நாலு குடம் வெட்டினாலே மணிக்கட்டு வீங்கிவிடும். அப்பா கைக்கு மின்சாரப் பேனா மிஷின் வந்தது. கடை முதலாளி சென்னைக்குப் போனவர் வாங்கி வந்து கொடுத்தார். மாடல் என்ன, மாற்று என்ன என்ற பேச்சே இல்லை. பிளக்கில் செருகினார், டர்ர்ர் என்றது, "சரி" என்றார். கொள்முதல் முடிந்தது. உள்ளே இருப்பது ஒரு கம்பிச் சுருளும் ஒரு துடிக்கும் ஊசியும்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சுற்றுக்கு இரண்டு முறை காந்தம் இழுப்பதால் ஊசி நிமிஷத்துக்கு 6,000 தடவை தட்டும். தாத்தாவின் ஆறு மாத உழைப்பு அப்பாவுக்கு ஒரு காலைப்பொழுது. ஒரே குறை, வோல்டேஜ் இறங்கினால் மாப்பிள்ளையின் பெயரும் இறங்கிவிடும். 2012 மின்வெட்டில் முழுப்பெயர் கொடுத்தவர்களுக்குக்கூட இனிஷியல் மட்டும் வெட்டிவிட்டு மீதிக்கு "சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிய நாட்கள் உண்டு.

பேர் வெட்டுவது அன்றும் வாடிக்கையாளருக்கு இலவசம். கடை முதலாளி அப்பாவுக்கு எழுத்துக் கணக்கில் காசு கொடுப்பார். இதில் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. "கோ" என்பது ஓரெழுத்தா, மூன்றெழுத்தா? அப்பாவுக்கு இரட்டைக்கொம்பும் உழைப்பு, துணைக்காலும் உழைப்பு. முதலாளிக்குத் தொல்காப்பியர் சொன்னதே சட்டம். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் காசு உண்டா என்ற கேள்வி தீர்ப்பாகாமலே முதலாளியின் மகன் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு, லை, னை போன்றவற்றின் தலையில் இருந்த தும்பிக்கையை எடுத்துவிட்டது. அப்பா பல வருஷம் தும்பிக்கையை விடவில்லை. பழக்கம் என்றார். கணக்கில் ஏதாவது சேரும் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது என் முறை. கண்ணாடி இழையில் பிறக்கும் ஃபைபர் லேசர் மிஷின் வாங்க வேண்டும் என்று நினைத்த உடனேயே வாழ்க்கையில் கேள்விகள் பெருகின. இருபது வாட்டா, முப்பதா, ஐம்பதா? சாதா க்யூ-சுவிட்ச்சா, மோபாவா? லென்ஸ் 110-ஆ, 175-ஆ, 300-ஆ? மூடிய பெட்டியா, திறந்த மேசையா? கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது இதில் பாதிக் கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் இயந்திரக் கண்காட்சிக்குப் போனேன். அரங்குக்கு அரங்கு அதே காட்சி. விசிட்டிங் கார்டு அளவில் கறுப்புச் சாயம் ஏற்றிய அலுமினியத் தகடு, அதன் மேல் ஒரு சிங்கம். "பாருங்ணா, ஒரே நிமிசம், பிடரி முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா வருதுங்" என்றார் விற்பனைத் தம்பி. வருகிறதுதான். சாயம் ஏற்றிய அலுமினியத்தில் எந்த மிஷினும் அழகாகத்தான் எழுதும். மாப்பிள்ளை வீட்டார் போட்டோவில் மாப்பிள்ளை சிரிப்பது மாதிரி. நான் பையிலிருந்து எவர்சில்வர் செம்பை எடுத்து வைத்தேன். தம்பியின் முகத்தில் வோல்டேஜ் இறங்கியது.

செம்புக்கு வயிறு உண்டு. லேசர் கதிர் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் ஊசிமுனையாகக் கூடும். 175 மில்லிமீட்டர் சதுரம் எழுதும் லென்ஸுக்கு அது 254 மில்லிமீட்டர். சில மில்லிமீட்டர் விலகினாலே கதிர் சொத்தையாகிவிடும். "கல்யாணசுந்தரம்" என்று அடித்ததில் நடுவே "ணசு" மட்டும் கன்னங்கரேல் என்று வந்தது. இரண்டு ஓரத்திலும் கல்யாணமும் இல்லை, சுந்தரமும் இல்லை. "ரோட்டரி போட்டுக்கலாங்ணா" என்றார். ரோட்டரி என்பது பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றும் கருவி, தனி விலை. டம்ளரோ வாய் அகலம், அடி குறுகல். அதைச் சாய்த்துப் பிடிக்க வேறொரு தாங்கி, அதுவும் தனி விலை. அப்பாவின் ரோட்டரி அவருடைய இடது முழங்கால். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது.

பெரிய லென்ஸ் வாங்கினால் பெரிய தட்டு முழுக்க எழுதலாமே என்று ஆசைப்பட்டேன். 300 சதுர லென்ஸில் கதிரின் முனை பருத்துவிடும். அதே வாட் அகலமாகப் பரவி, வெட்டும் பலம் குறைந்துவிடும். வாட்டும் அப்படித்தான். எவர்சில்வரில் பேர் போட இருபது வாட்டே போதும். ஐம்பது வாட் வேண்டியது அச்சுக் கட்டை, டை போன்றவற்றில் ஆழமாகத் தோண்டுகிறவர்களுக்கு. "எதுக்கும் பெரிசா எடுத்துக்குங்ணா, பின்னாடி உதவும்" என்பது மிஷின் விற்பவருக்கும் மனை விற்பவருக்கும் பொதுவான வாசகம்.

மோபாதான் உண்மையில் மயக்கியது. துடிப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் எவர்சில்வர் மேலேயே நீலம், ஊதா, பொன் என்று நிறம் வரும். சாயம் இல்லை, சூட்டில் உலோகத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் காட்டும் வர்ணம். ஒரு டம்ளரில் நீலத் தாமரையும், இன்னொன்றில் நிறமில்லாமல் கொஞ்சம் ஆழமாக வெட்டிய பேரும் போட்டு வாங்கி வந்து வீட்டில் கொடுத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மற்றப் பாத்திரங்களோடு கிணற்றடியில் போட்டு, தேங்காய் நாரில் சபீனா தொட்டு, நாள்தோறும் தேய்ப்பது போலவே தேய்த்தாள். பேர் அப்படியே நின்றது. தாமரை முதலில் வெளிறியது, பிறகு இதழ் இதழாகக் கழன்றது. "பூ நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா. ஒரு லட்சத்துக்கு மேல் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பரிசோதனைக் கூடம் அந்தக் கிணற்றடி. பித்தளைக்கும் இதே கதைதான். மேலாகக் கறுப்படித்த எழுத்தைப் புளியும் பாலிஷும் சேர்ந்து கொண்டுபோய்விடும். பல தடவை ஓட்டிப் பள்ளம் விழ வெட்டினால்தான் பேத்தி காலம் வரை நிற்கும்.

பெட்டியா மேசையா என்பது இன்னும் பெரிய தர்மசங்கடம். 1064 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் சிமிட்டாது. ஆனால் விழித்திரை வரை நேராகப் போய்ச் சுட்டுவிடும். திறந்த மிஷினை நாலாம் வகுப்பு லேசர் என்பார்கள்; பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பு மாதிரி சாது அல்ல, அபாயப் பட்டியலில் உச்சப்படி. பாத்திரக் கடையோ தரை முதல் கூரை வரை பளபளக்கும் கண்ணாடி. எந்தக் குண்டானில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இலவசமாகக் கொடுத்த பச்சைக் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்ற எண்ணே அச்சாகவில்லை. வெயிலில் கறுப்புக் கண்ணாடிக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள உதவும். ஆகவே மூடிய பெட்டி, புகையை வெளியே இழுக்கும் குழாய் என்று முடிவு செய்தேன். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது; அந்தப் புகையை மூக்கால் சோதிக்க வேண்டியதில்லை.

முடிவு செய்த மறுநாள் அப்பா கேட்டார், "அண்டா எப்படிடா உள்ள போகும்?"

போகாது. பேனா மிஷின் பாத்திரத்தைத் தேடிப் போகும். லேசரிடம் பாத்திரம்தான் வரவேண்டும். அண்டா, பெரிய குத்துவிளக்கு, கோயில் உபய மணி எதுவும் அந்தக் கதவுக்குள் நுழையாது. அதனால் நிமிஷத்துக்கு 6,000 தட்டு தட்டும் அந்தப் பழைய மிஷின் இன்னும் ஓய்வு பெறவில்லை, அப்பாவும் பெறவில்லை. விற்பனைத் தம்பி என் மிஷினின் லேசர் மூலத்துக்கு ஒரு லட்சம் மணி நேர ஆயுள் என்றார். கணக்குப் போட்டேன்: தீபாவளிக்குக்கூட லீவு விடாமல் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 34 வருஷம். உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று கேட்டேன். இரண்டு. அப்பாவின் மிஷினுக்கு உத்தரவாதமே இல்லை. அதனால்தானோ என்னவோ கெட்டுப்போகாமல் ஓடுகிறது.

வேறு ஆசைகளும் காட்டினார்கள். "நகைக்கடை ஹால்மார்க் வேலை குவியும்" என்றார் ஒருவர். தங்க நகைக்கு ஆறு இலக்க அடையாள எண் 2021 ஜூலையிலிருந்து வந்திருக்கிறது, உண்மை. ஆனால் அதைப் பொறிப்பது பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையம்; தெருமுனையில் லேசர் வைத்திருப்பவன் அல்ல. "மரத்திலயும் கண்ணாடியிலயும் அடிக்கலாம்" என்றார் இன்னொருவர். ஃபைபர் கதிர் தெளிந்த கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும், மரத்தில் உருப்படியாக ஒன்றும் செய்யாது. அதற்கு வேறு அலைநீளம், கார்பன் டை ஆக்சைடு லேசர், அதாவது இன்னொரு கடன்.

முப்பது வாட், 175 லென்ஸ், மூடிய பெட்டி, ரோட்டரி சேர்த்து மிஷின் வந்து இறங்கியது. முதல் வேலையாக "கௌசல்யா" என்று அடித்தேன். திரையில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். உலகத்து உலோகத்தையெல்லாம் ஆவியாக்கும் மிஷினுக்கு ஔகாரம் வரவில்லை. கடைசியில் கோரல் டிராவில் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, எழுத்தையெல்லாம் படக்கோடாக மாற்றி, உள்ளே கொண்டுவந்தேன். மிஷினைப் பொறுத்தவரை அது தமிழ் இல்லை, படம். "கோ" ஓரெழுத்தா மூன்றெழுத்தா என்ற வழக்கும் அத்தோடு தள்ளுபடியானது.

எழுத்துப்பிழைக்கும் முன்னேற்றம் கிடைத்திருக்கிறது. அப்பா காலத்தில் ஒரு எழுத்து தவறினால் அதன் மேல் ஒரு பூவும் இரண்டு இலையும் வெட்டி, "டிசைன்" என்று கொடுத்துவிடுவார். ஊரில் பல பேர் வீட்டில் அந்தப் பூ உண்டு. இப்போது மாதிரிப் படத்தை அனுப்பி, வாடிக்கையாளர் கட்டைவிரல் உயர்த்திய பிறகுதான் தொடங்குகிறேன். கட்டைவிரலை உயர்த்துகிறவர்கள் படிப்பதில்லை. இருநூறு டம்ளரில் "நன்றி" என்பது "நன்ரி" என்று அவர்கள் அனுப்பியபடியே, மயிரிழை பிசகாமல், ஒரே மாதிரி வந்து நிற்கும். இருநூறு பூ வெட்ட யாரால் முடியும்?

கடை வாசலில் "லேசர் முறையில் பெயர் பொறித்தல் இலவசம்" என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் எனக்கு உருப்படிக் கணக்கில் கொடுக்கிறார். எழுத்துக் கணக்கு ஒழிந்தது. மாதத் தவணைக் கணக்கு வந்தது.

போன மாசியில் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண்ணின் பாட்டி எழுதிய பழைய கடிதத்தைக் கொண்டுவந்து, அந்தக் கையெழுத்திலேயே, கோணலும் நடுக்கமும் ஒன்றும் விடாமல், தாம்பாளங்களில் பேர் வேண்டும் என்றார்கள். ஸ்கேன் செய்து கோடாக்கி அடித்துக் கொடுத்தேன். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு அதே மாதிரி நாலு பேர் வந்தார்கள். இப்போது என் மேசையில் ஒரு விலைப் பலகை இருக்கிறது. அச்செழுத்து: இலவசம். கையெழுத்து: தனிக் கட்டணம்.

அண்டாவைத் தொடையில் சாய்த்து உட்கார்ந்திருந்த அப்பா அதை ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"ஏண்டா தம்பி, நாற்பது வருஷமா நான் கையாலதானடா எழுதிக்கிட்டிருந்தேன். பழைய முதலாளி வீட்டுக்கு ஒரு பில்லு போட்டு அனுப்பு."